பச்சைப் புள்ளி

பச்சைப் புள்ளி எழுந்து போனதை ஆவுடையப்பன் பார்த்துவிட்டான். பார்க்காமலே இருந்திருக்கலாம். கூட்ட அறையில் விளக்கை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஏ.சி.யை இரையவிட்டு, சுவர் முழுக்க ஆஸ்பத்திரியைப் போட்டிருந்தார்கள். போட்டோ இல்லை, கம்ப்யூட்டருக்குள்ளேயே கட்டிய ஒரு பொய் ஆஸ்பத்திரி. வாசல், சீட்டுப் போடும் இடம், எழுத்துப் படிக்கச் சொல்லும் அறை, சொட்டு மருந்து விடும் நாற்காலிகள், டாக்டர் அறைகள் எல்லாம் கோடு கோடாக. கண் காட்ட வருகிறவர்கள் மஞ்சள் புள்ளிகளாக நுழைந்தார்கள், சொட்டு மருந்து விழுந்ததும் நீலமாக மாறினார்கள், கண்ணை மூடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள், டாக்டரைப் பார்த்தார்கள், போனார்கள். நர்ஸுகள் பச்சை. ஒரு முழு நாளும் கொஞ்ச நேரத்தில் ஓடி முடிந்துவிடும். எங்கே கூட்டம் தேங்குகிறது, நாற்காலியை இங்கே போட்டால் என்ன, ஆளை அங்கே நிறுத்தினால் என்ன என்று பொய் ஆஸ்பத்திரியில் முதலில் செய்து பார்த்துவிட்டு, சரியாக வந்தால் நிஜ ஆஸ்பத்திரியில் செய்வது. சிமுலேஷன். திருநெல்வேலிக்கும் வந்துவிட்டது. இதெல்லாம் ஆவுடையப்பனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஸ்டோர்ஸ் மேனேஜர் என்ற முறையில் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டும் இருந்தான். அந்தப் பச்சைப் புள்ளி எழுந்து போகும்வரைக்கும். ஏனென்றால் சொட்டு மருந்துப் பகுதியில் இரண்டாவது நாற்காலி தங்கபுஷ்பத்துடையது. தங்கபுஷ்பம் அவன் பெண்டாட்டி.

"இங்க பாருங்க மேடம்," என்றான் தீர்த்தகிரி. இந்தப் பொய் ஆஸ்பத்திரியைக் கட்டியவன் அவன்தான், தருமபுரிப் பக்கத்துப் பையன், சென்னைக் கம்பெனியில் வேலை, மூன்று வாரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வருவோர் போவோரைப் பார்த்துக்கொண்டே இருந்தவன். "பதினோரு மணி வாக்குல இந்தப் புள்ளி மட்டும் எழுந்து மாடிப்படித் திருப்பத்துக்குப் போகுதுங்க. கொஞ்ச நேரம் நிக்குது. அப்புறம் திரும்பி வருது. அதுக்குள்ள இங்க மஞ்சள் எப்படிச் சேந்துருது பாருங்க. உங்க வேலை முறையில இது எங்கயும் கிடையாதுங்க. முதல்ல நானும் இத விட்டுட்டுத்தான் மாடல் போட்டேன். நெஜத்துல வர்ற கூட்டமும் மாடல்ல வர்ற கூட்டமும் ஒத்தே வரல. இத உள்ள வெச்சேன், அப்படியே ஒத்துப்போச்சு." பெரிய டாக்டர் எஸ்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வெளிநோயாளிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ராஜாமணி பேனாவைத் திறந்து மூடினார். இரண்டாவது நாற்காலி யாருடையது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஆவுடையப்பனைப் பார்க்காமல் இருந்தார்கள். பார்த்திருந்தால்கூடத் தேவலை.

எழுந்து போகிறாளாமே. எங்கே போகிறாள்? இத்தனை வருஷம் ஒரே ஸ்கூட்டரில் வந்து, ஒரே ஸ்கூட்டரில் போகிறார்கள். காலையில் இட்லி, மத்தியானம் டப்பா, சாயங்காலம் பாளை மார்க்கெட்டில் காய்கறி, ராத்திரி சீரியல். இதற்கு நடுவில் மாடிப்படித் திருப்பம் எங்கே வந்தது? அவனிடம் அவள் சொல்லாதது என்ன இருக்கிறது? பெஞ்சில் இருந்த பாட்டையாவின் பல்செட் காணாமல் போனதைச் சொல்வாள், முதல் நாற்காலி மல்லிகாவின் நாத்தனார் கதையை வரி விடாமல் சொல்வாள். திருப்பத்தைச் சொன்னதில்லை. தீர்த்தகிரியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஆமாம், சொன்னாள். "பாவம்ங்க அந்தத் தருமபுரித் தம்பி, வாயே தொறக்காது, ஸ்டூலப் போட்டு உக்காந்து எங்களையே பாத்துக்கிட்டு இருக்கு," என்றாள். எங்களையே என்றாள், என்னையே என்று சொல்லவில்லை, கெட்டிக்காரி. அதற்கு இவன் சிரிக்க வேறு செய்தான். பாக்கட்டும், பாக்கட்டும், பாத்து என்னத்தக் கிழிச்சிருவான், என்றான். கிழித்துவிட்டான். அப்புறம் ஒருநாள் கூட்டாஞ்சோறு பொங்கினாள், "அந்தத் தம்பி ஓட்டல்ல தின்னு வயித்தக் கெடுத்துக்கிடுது" என்று ஒரு டப்பா கூடுதலாகக் கட்டினாள். அன்றைக்கு இவன் டப்பாவில் முருங்கைக்காயே இல்லை. அன்று ஒன்றும் தோன்றவில்லை. இப்போது இந்த இருட்டில், இவ்வளவு நாள் கழித்து, அந்த முருங்கைக்காய் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. அந்த ஸ்டூலை அவன் எங்கே போட்டிருந்தான்? மாடிப்படிக்குப் பக்கத்தில்தானே? போகும்போதும் வரும்போதும் இவனே பார்த்திருக்கிறானே! ஆவுடையப்பனுக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே எரிந்தது.

சுவரில் பொய்க் காலை பொய் மத்தியானமாகிக்கொண்டிருந்தது. தீர்த்தகிரி விடுவதாக இல்லை. "மத்த சிஸ்டருங்களுக்கு எல்லாம் சேத்து ஒரு சராசரி போட்டுட்டேங்க. இவங்களுக்கு மட்டும் தனியாப் போட வேண்டியதாப் போச்சு. இவங்க சராசரில அடங்கல." அடங்கல! அடேயப்பா, எவ்வளவு கண்டுபிடிப்பு! "வயசானவங்க வந்தா அதிக நேரம் எடுத்துக்கிறாங்க. பயந்து கண்ண இறுக்கிக்கிறவங்கள அவசரப்படுத்த மாட்டாங்க. தாடையப் பிடிச்சுக்கிட்டு, இடது கைக் கட்டைவிரலால இமையத் தூக்கி, மேல பாருங்க, அம்புட்டுதான், முடிஞ்சு போச்சுன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள சொட்டு விழுந்திருக்கும். அதனால அவங்ககிட்ட போன யாரும் ரெண்டாவது தடவ சொட்டு விட வர்றதில்ல. மத்த நாற்காலியில அப்படித் திரும்பி வர்றவங்க உண்டு." அம்புட்டுதான் என்பதை அவள் சொல்கிற மாதிரியே சொன்னான், அந்த இழுப்போடு. தருமபுரிக்காரன் வாயில் தங்கபுஷ்பத்தின் இழுப்பு. இடது கைக் கட்டைவிரல் என்கிறான். இடது கையா? ஆவுடையப்பன் இருட்டில் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டான். அவனுக்கு ஒருதடவை மெட்ராஸ் ஐ வந்து கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தபோது அவள்தான் சொட்டு விட்டாள். எந்தக் கை? நினைவில்லை. மூக்குத்தி கிட்டத்தில் வந்தது நினைவிருக்கிறது. அவள் மூச்சில் கிராம்பு வாசனை வந்தது நினைவிருக்கிறது. "குதிக்காதீய, மாடா நீங்க?" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள், அதுவும் நினைவிருக்கிறது. ஆக அவனுக்குக் குட்டு, ஊரான் வீட்டு ஆளுக்கெல்லாம் அம்புட்டுதான். சுவரில் மஞ்சள் புள்ளிகள் வரிசையாக அந்தப் பச்சையிடம் வந்து நின்று, நீலமாகி நீலமாகிப் போயின. தென்காசியிலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்து தாடையை நீட்டுகிறான்கள். ஒவ்வொருத்தன் மேலும் ஆவுடையப்பனுக்குக் கோபம் கோபமாக வந்தது.

கண் கடிகாரத்துக்குப் போனது. வெள்ளிக்கிழமை. வேன் வராத நாளாக இருந்தால் இந்தக் கூட்டம் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமை இந்நேரத்துக்கு அவன் ஸ்டோர்ஸ் வாசலில் நிற்க வேண்டும். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் கொண்டுவரும் கம்பெனி வேன் வரும், கூடவே கம்பெனிப் பெண் கிளாடிஸ் வரும். பெட்டிகளை எண்ணி ஒப்படைக்கிற வேலை அதற்கு. சிரித்த முகம். "என்ன சார், இன்னைக்கும் நீலச் சட்டையா? உங்களுக்கு அது ஒண்ணுதான் எடுப்பா இருக்கு," என்று ஒருமுறை சொன்னது. சொன்னால் சொல்லிவிட்டுப் போகிறது. அவன் மனசில் ஒன்றும் கிடையாது, சத்தியமாகக் கிடையாது, தலையை மட்டும் ஒருதடவை சீவிக்கொள்வான், அதுவும் ஸ்டோர்ஸில் ஃபேன் காற்று அதிகம் என்பதால். ஏதாவது சொல்லுவான், அது சிரிக்கும், வேன் டிரைவர் சிரிப்பான், கொஞ்ச நேரம் போகும். இன்றைக்கு ஸ்டோர்ஸ் பையன் மாரிதுரையைப் பெட்டி வாங்கச் சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான், நீலச் சட்டையும் வீண். அந்த எண்ணம் வந்த வேகத்தில் போய்விட்டது, ஏனென்றால் இப்போது அவனுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, அவன் பெண்டாட்டி படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுகொண்டிருக்கிறாள், எவனுக்காகவோ நின்றுகொண்டிருக்கிறாள், அதை மெனக்கெட்டுச் சுவரில் போட்டு ஊருக்குக் காட்டுகிறான்கள்.

"தினமுமா?" தன் குரல் இவ்வளவு உரக்க வருமென்று ஆவுடையப்பன் எதிர்பார்க்கவில்லை. தீர்த்தகிரி திரும்பினான். "இல்லீங்க சார். இது செவ்வாய்க்கிழமை ஓட்டம். செவ்வாய், வெள்ளி மட்டும்தான். மத்த நாள் எழுந்திருக்கவே மாட்டாங்க." செவ்வாய், வெள்ளி. ஐயோ, செவ்வாய் வெள்ளிதானே அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறது. சீயக்காய் வாசனையோடு, ஈரம் காயாத தலையில் நுனிமுடிச்சுப் போட்டு, இரண்டு கண்ணி பிச்சிப்பூ வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்காருவாள். வண்ணார்பேட்டை மேம்பாலம்வரை பிச்சிப்பூ வாசனை இவன் தோளைத் தாண்டி வரும். தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுவான், மடையன். ஆனால் இந்தப் பயல் வந்ததே மூன்று வாரம் முன்னால்தானே, அவள் குளிப்பது கல்யாணமான நாளிலிருந்து உண்டே என்று புத்தி ஒரு பக்கம் சொல்லத்தான் செய்தது. புத்தி சொல்வதை அந்த நேரத்தில் யார் கேட்கிறார்கள்? எண்ணெய்க் குளியல், பிச்சிப்பூ, முருங்கைக்காய், ஸ்டூல் என்று மனசு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் எண்ணெய்க் குளியலில் வந்து நின்றது. அப்போதுதான் அந்தப் பேச்சு வாயிலிருந்து வந்தது. "அந்த சிஸ்டரை மேல வார்டுக்கு மாத்திருவோம் மேடம். எழுந்து போற பிரச்சனையே இருக்காது." அந்த சிஸ்டராம். தாலி கட்டியவன் சொல்கிறான். டாக்டர் எஸ்தர் இப்போது நேராகவே அவனைப் பார்த்தார். "ஆவுடை, யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா? மேலன்னா ஷிப்ட் வரும். அவங்களுக்கு அந்த நாற்காலின்னா உசிரு." அவன் யோசித்தேன் என்றான்.

தீர்த்தகிரி மவுஸை நகர்த்தினான். சுவரில் பச்சைப் புள்ளி கீழேயிருந்து மாடிக்குப் போனது. இரண்டாவது நாற்காலிக்கு வேறு பச்சை வந்தது. பொழுது விடிந்து மஞ்சள்கள் நுழைந்தன. மேலே ஒரு சின்னச் சதுரத்துக்குள் அந்தப் புள்ளி கட்டிலுக்குக் கட்டில் போய் வந்தது. பதினோரு மணி ஆனது, எங்கேயும் போகவில்லை. அந்த வார்டை ஆவுடையப்பனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவளை அங்கேதான் போட்டிருந்தார்கள், விடியற்காலையில் கூப்பிட வந்தால் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருப்பாள். பிறகு கீழே மாற்றிய அன்றைக்கு, "இனி மனுசங்க மூஞ்சியப் பாத்து வேலை செய்வேன்ங்க," என்று அல்வா வாங்கிக்கொண்டு வந்தாள். அல்வாவை அவளே முக்கால்வாசி தின்றாள். வாயெல்லாம் நெய். அதை இப்போது எதற்கு நினைக்க வேண்டும்? நினைக்கக் கூடாது. நன்றாக வேண்டும் அவளுக்கு. நன்றாக வேண்டும் என்று நினைத்த உடனே அந்த நெய் வாய் மறுபடியும் கண்ணில் வந்து நின்றது.

"அது கிடக்கட்டும்," என்றார் டாக்டர் எஸ்தர். "அந்தத் திருப்பத்துல அப்படி என்னதான் இருக்கு? நானும் தெனமும் ஏறி எறங்குதேன்." ராஜாமணி சிரித்தார். "என்ன மேடம் இருக்கு, ஒரு ஜன்னல். எட்டிப் பாத்தா நம்ம ஸ்டோர்ஸ் வாசல்." தீர்த்தகிரி திரையில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினான். "நான் இங்க, கீழ் படிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேங்க. அங்கருந்து அவங்க முதுகு மட்டும்தான் தெரியும். ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு யாரையோ பாத்துக்கிட்டு நிப்பாங்க. ஒரு வண்டிச் சத்தம் கேக்கும், எழுந்து போவாங்க. அந்த வண்டி கெளம்புற சத்தம் கேட்டதும் வந்து உக்காந்துருவாங்க."

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டி. லென்ஸ் வேன். செவ்வாய், வெள்ளி. ஸ்டோர்ஸ் வாசல். ஏ.சி. இரைச்சல் நின்றுபோன மாதிரி இருந்தது, நிற்கவில்லை. நீலச் சட்டை. அதை யார் தேய்க்கிறார்கள்? அவனா தேய்க்கிறான்? செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் காலையில் அவன் கேட்காமலே அந்த நீலச் சட்டை மடிப்புக் குலையாமல் நாற்காலி முதுகில் தொங்கும். மற்ற நாளில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறவன்தான். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். ஈரத்தலையோடு நின்று, காலர் முனையைக்கூட விடாமல் தேய்ப்பாள். அதைப் பார்த்துவிட்டு, நம் பெண்டாட்டிக்கு நம் மேல் என்ன அக்கறை என்று இவன் மனசுக்குள் மெச்சிக்கொள்வான். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது, ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஸ்டோர்ஸ்ல இன்னைக்கு ஒரே சிரிப்பாமே, மாடி வரைக்கும் கேட்டுதாம்," என்றாள். யார் சொன்னா, என்று கேட்டான். "யாரோ பேசிக்கிட்டாவ," என்று ரசக் கரண்டியைச் சட்டியில் நங்கென்று வைத்தாள். அந்த நங்கென்ற சத்தம் இப்போதுதான் அவன் காதில் சரியாக விழுந்தது. அடிப்பாவி! ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீதானா நின்றாய்? கீழே அவ்வளவு பேர் தாடையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க, வேலையைப் போட்டுவிட்டு, இந்த வழுக்கை விழப்போகிற மண்டையை, இந்தத் தொந்தியை, ஒருத்தி வந்து கொத்திக்கொண்டு போய்விடுவாள் என்றா வந்து நின்றாய்? வெட்கம் காதுவரை ஏறியது. அதற்குப் பின்னாலேயே, வரக்கூடாத நேரத்தில், ஒரு சந்தோஷம் குபீரென்று வந்தது. தனக்காகவும் ஒருத்திக்குப் பொறாமை! எழுந்து நின்று கையைத் தட்டலாம் போல இருந்தது. உடனே பயமும் வந்தது. மணி இந்நேரம் பதினொன்றைத் தாண்டியிருக்கும், வேன் வந்திருக்கும், அவள் எழுந்து போயிருப்பாள். கிளாடிஸ் நிற்கும், மாரிதுரை நிற்பான், இவன் இருக்க மாட்டான். காணோமே என்று கழுத்தை நீட்டியிருப்பாளா? சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேனே, ஆள் எங்கே போய்த் தொலைந்தது என்று தேடியிருப்பாளா? கிளாடிஸோடு வேறு எங்கோ போய்விட்டதாக நினைத்தாலும் நினைப்பாள். அவள் நினைப்பாள், அவளைத் தெரியாதா. தெரியும் என்று எந்த வாயால் சொல்வது?

"அப்ப மேல மாத்துறதே சரின்னு படுது," டாக்டர் எஸ்தர் சொல்லிக்கொண்டிருந்தார். "அவங்க வீட்டுக்காரரே சொல்லும்போது நமக்கு என்ன? ராஜாமணி, திங்கக்கிழமைலருந்து..." "வேண்டாம் மேடம்!" ஆவுடையப்பன் எழுந்தே விட்டான். புரொஜெக்டர் வெளிச்சம் அவன் சட்டையில் விழுந்தது, நெஞ்சில் நாலைந்து மஞ்சள் புள்ளிகள் ஊர்ந்தன. "வேண்டாம். அவ அங்கேயே இருக்கட்டும். நான் தெரியாமச் சொல்லிட்டேன். லென்ஸ் வேன வேணா மத்தியானத்துக்கு மாத்திருவோம். சொட்டு மருந்து முடிஞ்ச பெறகு வரட்டும். மாரிதுரையே பெட்டிய வாங்கிக்கிடட்டும், நான் போகல." டாக்டர் எஸ்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "லென்ஸ் வேனுக்கும் சொட்டு மருந்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" ராஜாமணிக்குச் சம்பந்தம் புரிந்துவிட்டது, இருமல் வந்த மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். தீர்த்தகிரி மட்டும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. புதிதாக ஒன்றும் தட்டச்சு செய்யவுமில்லை. திரையின் ஓரத்தில் ஒரு பட்டியலை விரித்தான், அதில் 'ஸ்டோர்ஸ் வண்டி: செவ்வாய், வெள்ளி, காலை' என்று ஏற்கனவே எழுதியிருந்தது, பக்கத்தில் ஒரு டிக். பயல் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறான். கூட்டாஞ்சோற்றையும் தின்றுவிட்டு, யாரையும் காட்டிக்கொடுக்காமல் முதுகு மட்டும்தான் தெரியும் என்கிறான். அந்த டிக்கை எடுத்துவிட்டு, "ஓட்டுறேங்க மேடம்," என்றான்.

ஓடியது. மஞ்சள்கள் வந்தன, எங்கேயும் தேங்கவில்லை. முதல் நாற்காலி, இரண்டாவது நாற்காலி, நீலம், நீலம், பெஞ்சு நிறைந்து பெஞ்சு காலியாகி, டாக்டர் அறைகளுக்குப் புள்ளிகள் ஒன்றோடொன்று முட்டாமல் ஓடின. "அட!" என்றார் டாக்டர் எஸ்தர். "இம்புட்டுத்தானா? செலவே இல்லாமயா? ஆவுடை, நல்ல யோசனைய்யா!" ராஜாமணி முதுகில் தட்டினார். ஆவுடையப்பன் அது எதையும் கேட்கவில்லை. அவன் இரண்டாவது நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு மணி வந்தது. பச்சைப் புள்ளி உட்கார்ந்தே இருந்தது. ஒரு மஞ்சள் போனது, அடுத்த மஞ்சள் வந்தது. தாடையைப் பிடிக்கிறாள், இமையைத் தூக்குகிறாள், மேல பாருங்க, அம்புட்டுதான். அடுத்த ஆள். யாருக்கோ எவருக்கோ. எழுந்திருப்பாள் என்று பார்த்தான், பழக்க தோஷத்திலாவது ஒருதடவை எழுந்திருப்பாள். மத்தியானம் ஆனது. ஜன்னல் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. இனி எந்தச் செவ்வாய்க்கிழமையும் அங்கே யாரும் நிற்க மாட்டார்கள், இவன் வாயாலேயே சொல்லி முடித்தாயிற்று, இனி நீலச் சட்டையை யார் தேய்ப்பார்கள், எதற்குத் தேய்ப்பார்கள்? பொய்ச் சாயங்காலம் வந்து பொய் ஆஸ்பத்திரி காலியானது. விளக்கைப் போட ராஜாமணி எழுந்தார்.

"தம்பி," என்றான் ஆவுடையப்பன். குரல் அவனுக்கே கேட்கவில்லை, கனைத்துக்கொண்டான். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, வேன வெச்சு ஓட்டுங்களேன். பழைய மாதிரி." டாக்டர் எஸ்தர், அதான் பாத்தாச்சே, என்றார். தீர்த்தகிரி நிமிர்ந்து ஆவுடையப்பன் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, டிக்கை மறுபடியும் போட்டான். சுவரில் காலை விடிந்தது. மஞ்சள்கள் நுழைந்து வரிசையில் நின்றன. பதினோரு மணி வாக்கில் பச்சைப் புள்ளி எழுந்தது, அத்தனை பேரையும் அப்படியே விட்டுவிட்டு, நேராகப் படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போனது, ஜன்னலோரம் நின்றது. இருட்டில் ஆவுடையப்பன் நீலச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தான்.